குருந்தம் விளைந்த நாட்டில் அலுமினாத் தூளுக்குத் தட்டுப்பாடு ஏன்?

தேர்வாய் கண்டிகை என்கிற ஊர்ப்பெயர் சென்னைவாசிகள் பலருக்கு அறிமுகமானது 2020 நவம்பரில்தான். கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் ரூ.380 கோடி செலவில் கட்டி முடிக்கப்பட்டு, தலைநகரின் ஐந்தாவது குடிநீர் ஆதாரமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது அப்போது. தொழில்துறையினரோ அதற்குப் பத்தாண்டுகள் முன்னதாகவே அந்த ஊரை அறிந்திருந்தனர். பிரான்ஸின் மிஷெலின் டயர் நிறுவனம் 2009-இல் தமிழக அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தன் ஆலையை நிறுவியது கும்மிடிப்பூண்டியை அடுத்த இந்த ஊரின் சிப்காட் தொழிற்பூங்காவில்தான்.

அந்தப் பூங்கா எழுந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் வெறும் தரிசு அன்று. பட்டியலின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு கிராமத்தின் மேய்ச்சல் நிலம் அது. ஆடுமாடுகளுக்குத் தீவனமும் அடுப்புக்கு விறகும் ஏரிக்கு வரத்தும் தந்த காடு அது என்று ஊர் மக்கள் வாதாடினர், போராடினர், நீதிமன்றம் சென்றனர். 2012-இல் பன்னாட்டு நிறுவனங்களுக்கான நெறிமுறைகளின்கீழ் பிரான்ஸ் வரை புகார் சென்றது. அந்த வழக்காடலின் நியாயங்களை இங்கே மறுபடி விசாரிப்பது என் நோக்கமன்று. நிலம் கைமாறிவிட்டது. பொருளியல் கற்பித்தவன் என்கிற முறையில் எனக்கு எஞ்சியிருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஒரு கிராமத்தின் பொதுச் சொத்தை விலையாகக் கொடுத்துப் பெற்ற தொழிற்பூங்காவில் எத்தகைய தொழில்கள் அமைய வேண்டும்?

முதலீடு எத்தனை ஆயிரம் கோடி என்பதையே நம் அரசுகள் விடையாகச் சொல்லிவருகின்றன. புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும் மேடையில் அந்த எண் நன்றாக ஒலிக்கும். ஓர் ஏக்கரில் எவ்வளவு மதிப்பு கூட்டப்படுகிறது, அந்த மதிப்பில் எவ்வளவு உள்ளூரில் தங்குகிறது, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நிறுவனமே வெளியேறினாலும் எந்தத் திறன் இங்கே மிஞ்சும் என்பனவே உண்மையான அளவுகோல்கள். இவற்றைக் கொண்டு பார்க்கும்போது, அதிகம் பேசப்படாத ஒரு தொழில் என் கண்ணுக்குப் படுகிறது. அது அலுமினா பீங்கான் தொழில்.

பீங்கான் என்றதும் தேநீர்க் கோப்பையும் குளியலறைத் தொட்டியும் நினைவுக்கு வருவது இயல்பு. நான் சொல்வது வேறு. பாக்சைட் தாதுவைக் காரத்தில் கரைத்துப் பிரித்தெடுக்கப்படும் வெண்ணிறத் தூள் அலுமினா. உலகில் உற்பத்தியாகும் அலுமினாவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அலுமினிய உருக்காலைகளுக்குப் போய்விடுகிறது. மீதமுள்ள ஒரு பங்கில் ஒரு பகுதியை நுண்ணிதாக அரைத்து, அச்சில் அழுத்தி, 1,600 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுட்டால் கிடைக்கும் பொருள் மின்சாரத்தைக் கடத்தாது, துருப்பிடிக்காது, எளிதில் தேயாது. வாகனத்தின் ஸ்பார்க் பிளக்கில் காணும் வெள்ளை உடல் அதுதான். கோவைப் பம்புகளில் நீர்க்கசிவைத் தடுக்கும் சீல் வளையங்கள் பலவும், நூற்பு இயந்திரத்தில் நூல் உரசிச் செல்லும் சிறு கண்ணிகளும் அதில் செய்யப்படுகின்றன. அனல்மின் நிலையங்களில் சாம்பல் மிகுந்த நம் நிலக்கரித் தூள் பாயும் குழாய்களின் உட்புறத்தில் பதிக்கப்படுவதும் அலுமினா ஓடுகளே. செயற்கை இடுப்பு மூட்டின் பந்து, குண்டு துளைக்காத கவசத் தகடு, மின்வாகனத்தின் மின்சுற்றைத் தாங்கும் தட்டு எனப் பட்டியல் நீளும்.

இந்தப் பொருளோடு தமிழுக்கு ஒரு பழைய உறவு உண்டு. இயற்கையில் படிகமாகக் கிடைக்கும் அலுமினாவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கோரண்டம் என்னும் பெயரின் வேர் தமிழின் குருந்தம் என்பது அகராதியாளர் ஏற்றுக்கொண்ட செய்தி. வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள இந்தக் கனிமத்தைப் பற்றி சார்லஸ் கிரெவில் 1798-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளியிட்டார். பழைய சேலம் மாவட்டத்தின் பல இடங்களில் குருந்தம் கிடைத்தது. இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளும் அவற்றில் அடக்கம். (சந்திரயான்-2 சோதனைகளுக்காக நிலவு மண்ணைப் போன்ற மாதிரியை இஸ்ரோ தயாரித்தது இதே சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துத்தான்.)

தமிழ்நாட்டில் அலுமினா உற்பத்தியும் நடந்தது. இத்தாலியக் கூட்டுறவோடு மேட்டூரில் தொடங்கப்பட்ட மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் 1965 முதல் இயங்கியது. ஏற்காடு, கொல்லிமலைப் பாக்சைட்டும் மேட்டூர் அணையின் மின்சாரமும் அதற்கு ஆதாரம். ஒரு டன் அலுமினியம் உருக்க 14,000 யூனிட் அளவுக்கு மின்சாரம் வேண்டும். மின்பற்றாக்குறை வாட்டிய மாநிலத்தில் அந்தத் தொழில் எவ்வளவு காலம் நிலைக்கும்? 1995-இல் ஸ்டெர்லைட் வசம் சென்ற ஆலை 2008-இன் பிற்பகுதியில் நின்றது. சுரங்க அனுமதிச் சிக்கல், மின்செலவு, உலகச் சந்தையில் விலைச் சரிவு ஆகியவை ஒன்றுசேர்ந்த காலம் அது. பாக்சைட்டைச் சுத்திகரித்த பின் மிஞ்சிய செம்மண் கழிவை மட்டும் மேட்டூருக்கு விட்டுச்சென்றது.

அலுமினாவைப் பொருளாக்கும் தொழில் மட்டும் இங்கே பிழைத்துக்கொண்டது. 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களுடன் சேர்ந்து தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல், திருவொற்றியூரில் சாணைக்கல் செய்வதில் ஆரம்பித்து, ஓசூரில் தொழில்நுட்பப் பீங்கான் வரை வளர்ந்தது. ஓசூரில் சுடப்படும் தேய்மானத் தடுப்பு ஓடுகளும், உயர் மின்னழுத்த நிலைமாற்றிகளுக்கான உலோகப் பூச்சிட்ட பீங்கான் உருளைகளும் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. அதே நிறுவனம் மின்னுலையில் உருக்கிய அலுமினாவைக் கேரளத்தில் தயாரிக்கிறது. அதற்கான மின்சாரத்துக்காக மணியாற்றில் 12 மெகாவாட் நீர்மின் நிலையத்தை நடத்திவந்தது. அந்த நிலையத்துக்கான 30 ஆண்டு ஒப்பந்தம் 2024 டிசம்பரில் முடிந்தபோது, அதை நீட்டிப்பதா கூடாதா என்று கேரள அரசியலே சூடானதைச் செய்திகளில் கண்டோம். அலுமினாவை உருக்குகிற எந்தத் தொழிலும் கடைசியில் மின்கட்டணத்தில் வந்து நிற்கிறது. சுடுகிற தொழிலுக்கு அந்த நெருக்கடி அவ்வளவு கடுமையானதன்று.

இந்த வேறுபாட்டை ஜப்பான் காலத்தே புரிந்துகொண்டது. அங்கே பாக்சைட் இல்லை. 1970-களில் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் டன் அலுமினியம் உருக்கும் திறன் பெற்றிருந்த அந்நாடு, எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஆலைகளை ஒன்றன்பின் ஒன்றாக மூடியது. கம்பாராவில் எஞ்சியிருந்த கடைசி உருக்காலையும் 2014-இல் நின்றது. ஆனால், கியோட்டோவில் 1959-இல் 28 பேருடன் தொலைக்காட்சிக் குழாய்க்கான மின்காப்புத் துண்டுகள் செய்யத் தொடங்கிய கியோசெரா, உலகின் பெரும் தொழில்நுட்பப் பீங்கான் நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. தாதுவும் மலிவான மின்சாரமும் இல்லாத நாடு, சூளை அறிவை மட்டும் வைத்துக்கொண்டு சிப் தொழிலுக்கே தவிர்க்க முடியாத நாடாக ஆனது. மேட்டூரை இழந்த தமிழ்நாடு ஏன் ஒரு கியோட்டோவை உருவாக்கவில்லை என்று கேட்டால், 'தொழில்நுட்பம் இல்லை' என்று சொல்வார்கள். அந்த விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. ஓசூர் அதற்கு நேர்ச்சாட்சி.

சிக்கல் தூளில் இருக்கிறது. உலோகத்துக்கான அலுமினா ஒரு சந்தைச் சரக்கு. 2024 இறுதியில் டன் 700 டாலரைத் தாண்டியது, சில மாதங்களிலேயே அதில் பாதியளவுக்குச் சரிந்தது. 99.99 விழுக்காடு தூய்மையுள்ள அலுமினாவோ டன்னுக்கு 20,000 டாலர் என்கிற அளவில் பேசப்படுவது. இரண்டும் ஒரே வேதிப்பொருள்தான். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான மாசுகளை, குறிப்பாகச் சுத்திகரிப்பின்போது ஒட்டிக்கொள்ளும் சோடாவை, நீக்குவதும் துகளின் அளவைச் சீராக்குவதும்தான் இந்த விலை வேறுபாட்டுக்கெல்லாம் காரணம். சோடா மிகுந்தால் மின்காப்புத் திறன் குறையும். துகள் சீராக இல்லாவிட்டால் சூளையில் பொருள் கோணும், விரியும். அலுமினா பீங்கான் சுடும்போது நீளத்தில் 15 முதல் 20 விழுக்காடு வரை சுருங்கக்கூடியது. 100 மில்லிமீட்டராக அழுத்திய துண்டு 83 மில்லிமீட்டராக வெளியே வரும் என்று கணக்கிட்டு அச்சுச் செய்திருக்கும்போது, தூளின் தரம் சற்றே மாறி அது 82 ஆகிவிட்டால் அந்தச் சூளைச் சரக்கு முழுவதும் கழிவு. சுட்ட பிறகு திருத்த வைரச் சக்கரம்தான் வேண்டும். அதற்கு ஆகும் செலவு பொருளின் விலையை விழுங்கிவிடும்.

அம்பத்தூரில் சிறிய அளவில் இத்தொழில் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் சொன்ன கணக்கு இது: 'ஐயா, உள்நாட்டில் தரமான தூள் இருக்கிறது, ஆனால் எனக்குத் தேவையான 2 டன்னை, ஒவ்வொரு முறையும் ஒரே குணத்தோடு தருபவர் இல்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஒரு கொள்கலன் நிறைய வாங்க வேண்டும். என் ஆறு மாத முதலீடு கிடங்கில் தூங்கும்.' பெரிய நிறுவனம் இந்தச் சுமையைத் தாங்கும். சிறு நிறுவனம் தாங்காது. ஓசூர் பல்கிப் பெருகாமல் தனித்து நிற்பதன் காரணங்களில் இது முதன்மையானது என்று நினைக்கிறேன்.

பெரிய நிறுவனங்கள் விழித்துக்கொண்டுவிட்டன. சிறப்புவகை அலுமினா தயாரிக்கும் அமெரிக்காவின் அலுகெம் நிறுவனத்தை 12.5 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக ஹிண்டால்கோ 2025 ஜூனில் அறிவித்தது. அரசுகளும் பணம் ஒதுக்குகின்றன. மின்னணு உதிரிபாக உற்பத்திக்காக மத்திய அரசு 2025 மார்ச்சில் ரூ.22,919 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அதற்கு இணையாக மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்கத்தக்கவைதாம். ஆனால், இத்திட்டங்களைப் பற்றிய பொதுப்பேச்சு மின்சுற்றுப் பலகையோடும் கேமரா தொகுதியோடும் நின்றுவிடுகிறது. அந்தப் பலகையைத் தாங்கும் பீங்கான் தட்டு எங்கிருந்து வரும், அதற்கான தூள் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. 2023 ஆகஸ்டில் காலியம் ஏற்றுமதிக்குச் சீனா உரிமக் கட்டுப்பாடு விதித்தபோது உலகச் சிப் தொழில் பதறியது நினைவிருக்கும். காலியம் அலுமினாச் சுத்திகரிப்பின் துணைவிளைபொருள். எங்கோ பின்வரிசையில் இருக்கும் ஒரு தூள் முன்வரிசைத் தொழிலையே நிறுத்திவைக்க முடியும்.

இனி, தேர்வாய் கண்டிகைக்கு வருவோம். எண்ணூரில் 2019 முதல் இயங்கும் திரவ இயற்கை எரிவாயு முனையமும், காமராசர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் உள்ளன. பீங்கான் சூளைக்கு ஏற்ற எரிபொருள் எரிவாயு. குஜராத்தின் மோர்பியில் ஓடு தொழிற்சாலைகள் நிலக்கரி வாயுவால் காற்றைக் கெடுத்து, 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தடைக்கு உள்ளான பிறகே இயற்கை எரிவாயுவுக்கு மாறின. இங்கே முதல் நாளிலிருந்தே எரிவாயுவோடு தொடங்கலாம். அலுமினா ஓடுகள் தேவைப்படும் வல்லூர், வடசென்னை அனல்மின் நிலையங்களும் அருகிலேயே உள்ளன. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும், அண்ணா பல்கலைக்கழகத்தில் பீங்கான் தொழில்நுட்பத் துறையும் இருக்கின்றன. படித்து வெளியேறுவோருக்குத்தான் மாநிலத்துக்குள் போதிய வேலையிடங்கள் இல்லை.

ஆட்சேபங்களையும் சொல்லிவிட வேண்டும். இது ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நாளில் வேலை தரும் தொழில் அன்று. கைப்பேசி ஒன்றிணைப்பு ஆலையோடு எண்ணிக்கையில் போட்டியிட முடியாது. தூள் அரைப்பும் குழம்பாக்கலும் நடக்கும் இடத்தில் கழிவுநீர் உண்டு. அருகில் இருப்பதோ 500 மில்லியன் கன அடி குடிநீரைத் தேக்கும் ஏரி. எனவே கழிவுநீர் வெளியேறாத அமைப்பு கட்டாய நிபந்தனையாக வேண்டும். எரிவாயு விலை ஏறினால் கணக்கு மாறும் என்பதும் உண்மை. ஆயினும், ஒரு சூளைத் தொழிலாளி ஐந்தாண்டில் கற்றுக்கொள்ளும் வெப்ப நுணுக்கம் அவரோடு வேறோர் ஆலைக்கும் போகும். ஒன்றிணைப்பு வரிசையில் திருகாணி முடுக்குபவருக்கு அந்த வாய்ப்பு குறைவு.

சிப்காட் செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. ஒரு பெரிய நிறுவனத்துக்கு நூறு ஏக்கர் என்கிற வழக்கத்திலிருந்து சற்றே விலகி, இருபது முப்பது ஏக்கரைச் சிறு பீங்கான் நிறுவனங்களுக்கென ஒதுக்கலாம். குறு, சிறு தொழில் கொத்துகளுக்கான மத்திய அரசின் திட்டத்தில் பொதுவசதி மையம் அமைக்க நிதி கிடைக்கும். பொதுவான உயர்வெப்பச் சூளை, துகள் அளவு சோதனைக் கூடம், இவற்றோடு ஒரு தூள் வங்கி அமையட்டும். நால்கோ, ஹிண்டால்கோ போன்ற உற்பத்தியாளர்களிடம் அந்த வங்கி மொத்தமாக ஒப்பந்தம் செய்து, குறைந்த சோடா அலுமினாவை அரைத்துத் தரப்படுத்தி, 500 கிலோ கேட்பவருக்கும் சோதனைச் சான்றோடு கொடுக்க வேண்டும். என் மாணவர் சொன்ன கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

சிப்காட் மனைகள் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்படுகின்றன. மேய்ச்சல் நிலத்தை இழந்த குடும்பங்களின் மூன்று தலைமுறைக் காலம் அது. அடுத்த ஒதுக்கீட்டு ஆணையில் தேர்வாய் கண்டிகை, கண்ணன்கோட்டை ஊராட்சிகளின் இளைஞர்களுக்குச் சூளை இயக்கத்திலும் தரச் சோதனையிலும் உதவித்தொகையுடன் ஈராண்டுப் பயிற்சி என்பதை விருப்பப் பிரிவாக வைக்காமல், குத்தகை நிபந்தனையாகவே எழுத வேண்டும். அதை நிறைவேற்றாத நிறுவனத்துக்கு மூலதன மானியத்தின் அடுத்த தவணை விடுவிக்கப்படக் கூடாது.