மணல் தட்டு யாருடைய பொறுப்பு?

நான்கறை வீடு ஒன்றுக்குப் புதிதாகப் பூனைக்குட்டி வந்தது. உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் பல மாதங்கள் கெஞ்சிக் கேட்ட பிறகு, பெற்றோர் சம்மதித்திருந்தனர். படுக்கை, பந்து, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தயாராக இருந்தன. மணல் தட்டு ஒன்றும் வாங்கப்பட்டது. யாருடைய கண்ணிலும் படக்கூடாது என்று அதைச் சமையலறைக்குப் பின்னால், சலவை இயந்திரத்தின் அருகில் வைத்தனர். முதல் இரண்டு நாளும் குட்டி தட்டைச் சரியாகவே பயன்படுத்தியது. மூன்றாம் நாள் காலையில், மடிப்பதற்காகக் கட்டிலில் குவித்து வைத்திருந்த துணிகள் நனைந்து கிடந்தன.

“பாத்தியா, என் புடவை மேலயே போயிடுச்சு! சேட்டை புடிச்ச பூனை,” என்றார் பாட்டி.

“அது வேணும்னு செய்யல பாட்டி,” என்றாள் பேத்தி.

“மூக்கைப் புடிச்சு அதுலயே தேய்ச்சாத்தான் புத்தி வரும்,” என்று அப்பா சொல்ல, “இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா, எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே கொண்டுபோய் விட்டுடலாம்,” என்று அம்மா முடித்தார்.

இத்தகைய காட்சி எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதே. இங்கே தவறு செய்தது யார்? பெரும்பாலானோர் குட்டியையே குற்றவாளி என்பர். ஆனால், பூனைக்குட்டி தட்டுக்கு வெளியே கழிப்பது சேட்டையும் அன்று, பழிவாங்குவதும் அன்று. ஏதோ சரியாக இல்லை என்பதை அது தனக்குத் தெரிந்த வழியில் காட்டுகிறது. அதைப் புரிந்துகொண்டு சரிசெய்ய வேண்டியவர் அதை வளர்க்கும் மனிதரே.

சிங்கப்பூரில் இது ஒரு குடும்பத்தோடு முடிந்துவிடும் விஷயமன்று. 1989ஆம் ஆண்டிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இல்லை. பூனைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது கடினம், அவை பொது இடங்களில் கழித்து அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தரும் என்பவை அந்தத் தடைக்குக் கூறப்பட்ட காரணங்களுள் சில. 2024 செப்டம்பர் 1ஆம் தேதி அந்த நிலை மாறியது. இப்போது ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். அவற்றுக்கு உரிமம் பெற வேண்டும். மைக்ரோசிப் பொருத்த வேண்டும். முதன்முறையாக உரிமம் பெறுவோர் செல்லப்பிராணி வளர்ப்பைப் பற்றிய இணையப் பாடம் ஒன்றையும் முடிக்க வேண்டும். பல்லாண்டுகள் கழித்துக் கிடைத்த இந்த அனுமதி நம்பிக்கையின் அடிப்படையில் தரப்பட்டது. தாழ்வாரத்தில் நாற்றம் வீசினால், அந்த நம்பிக்கை குறையும். அண்டை வீட்டார் பூனையை வெறுக்கத் தொடங்குவதற்கு நாற்றம் ஒன்றே போதும்.

குட்டியின் இயல்பை அறிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பிறந்து ஏறத்தாழ மூன்று வாரங்கள் வரை பூனைக்குட்டியால் தானாகக் கழிக்க முடியாது. தாய்ப்பூனை வயிற்றுப் பகுதியை நக்கித் தூண்டினால்தான் அது கழிக்கும். அந்தக் கழிவையும் தாயே சுத்தம் செய்துவிடும். மூன்று, நான்கு வாரங்களுக்குப் பிறகு, தளர்வான மண்ணைக் காலால் தோண்டும் பழக்கம் குட்டிக்குத் தானாகவே வருகிறது. வீட்டுப் பூனைகளின் மூதாதையான காட்டுப்பூனை வறண்ட நிலங்களில் வாழ்ந்தது. அந்த வழியில் வந்த பூனையின் சிறுநீர் அடர்த்தியானது. அதன் நாற்றமும் கடுமையானது. கழிவை மண்ணால் மூடிவிட்டால், தான் இருக்கும் இடம் பிற விலங்குகளுக்கு எளிதில் தெரியாது. ஆகவே, மணலில் கழித்து மூடுவதைப் பூனைக்குட்டிக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. ஏற்ற இடத்தைக் காட்டினால் போதும்.

அந்த ஏற்ற இடத்தைத் தருவதில்தான் மனிதர்கள் தவறுகின்றனர். சலவை இயந்திரத்தின் அருகே வைத்த தட்டையே எடுத்துக்கொள்வோம். குட்டி மணலில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இயந்திரம் வேகமாகச் சுழன்று அதிர்ந்தால், சில வாரக் குட்டி அஞ்சி ஓடாமல் என்ன செய்யும்? அதன்பின் அந்த இடம் ஆபத்தானது என்றே அது நினைக்கும். மென்மையான துணிக்குவியல் அதற்கு மணலைப் போலவே தோன்றியிருக்கும். குளியலறையில் தட்டை வைப்பவர்களும் உண்டு. கதவு மூடப்பட்டிருந்தால் குட்டி எங்கே போகும்? உணவுக் கிண்ணத்தின் அருகே வைப்பதும் தவறு. உண்ணும் இடத்தில் கழிக்க எந்தப் பூனையும் விரும்பாது. அமைதியான, எப்போதும் திறந்திருக்கும், எளிதில் சென்றடையக்கூடிய ஒரு மூலையே சிறந்தது. சிறிய வீட்டில் அது வரவேற்பறையின் மூலையாகவும் இருக்கலாம். அழகுக்காகத் தட்டை ஒளித்து வைப்பதைவிட, குட்டிக்குப் பொருத்தமான இடத்தை விட்டுக்கொடுப்பதே அறிவுடைமை.

தட்டின் அளவிலும் கவனம் தேவை. குட்டியின் கால்கள் குட்டையானவை. எனவே, அதன் தட்டுக்குத் தாழ்வான விளிம்பு வேண்டும. குட்டி வளர வளர, அது உள்ளே திரும்பி நிற்கும் அளவுக்குப் பெரிய தட்டாக மாற்ற வேண்டும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருப்பது நல்லது என்பது பூனை வளர்ப்போர் பின்பற்றும் பொதுவிதி. மணல் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு இருந்தால் தோண்டுவதற்கு வசதியாக இருக்கும். மனிதர்களுக்குப் பிடித்த நறுமண மணல், கூர்மையான மோப்ப ஆற்றல் கொண்ட பூனையைத் துரத்திவிடக்கூடும். ஈரம் பட்டதும் கட்டியாகும் மணலை மிகச் சிறிய குட்டிகளுக்குத் தவிர்ப்பது நலம். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில் அதை விழுங்கிவிட்டால், வயிற்றுக்குள் கட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

தண்டனை இதில் எந்தப் பயனும் தராது. மூக்கைத் தேய்த்தாலும் அதட்டினாலும், சில நிமிடங்களுக்கு முன் தான் செய்த செயலோடு அந்தத் தண்டனையைப் பூனைக்குட்டி தொடர்புபடுத்திக்கொள்வதில்லை. ‘இந்த மனிதர் ஆபத்தானவர்’ என்ற ஒன்றை மட்டுமே அது கற்றுக்கொள்ளும். பிறகு, அவர் காணாத இடமாகப் பார்த்து, நாற்காலிக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அடியிலோ கழிக்கும். அதற்குப் பதிலாக, குட்டி தூங்கி எழுந்ததும், உணவு உண்டதும், விளையாடி முடித்ததும் அதை மெதுவாகத் தூக்கிச் சென்று தட்டில் விட வேண்டும். சரியாகப் பயன்படுத்தினால் தட்டிக்கொடுத்துப் பாராட்டலாம். அசுத்தமான இடத்தை, நாற்றத்தை முற்றிலும் நீக்கும் நொதி கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைக்க வேண்டும். பழைய நாற்றம் மிஞ்சினால் குட்டி மீண்டும் அங்கேயே செல்லும். அம்மோனியா கலந்த திரவம் சிறுநீரைப் போலவே மணப்பதால் நிலைமையை மோசமாக்கும். சிறுநீரின் மீது குளோரின் வெளுப்பானை ஊற்றினால் தீங்கான வாயு உண்டாகலாம்.

தட்டை நாள்தோறும் சுத்தம் செய்வதற்கு நாற்றத்தைவிட முக்கியமான காரணங்கள் இரண்டு உள்ளன. முதலாவது, பூனையின் உடல்நலம். பூனைக்குத் தன் வலியைச் சொல்லத் தெரியாது. வயிற்றுப்போக்கு, இரத்தம், புழு ஆகியவற்றை முதலில் காண்பவர் தட்டைச் சுத்தம் செய்பவரே. பூனை அடிக்கடி தட்டுக்குச் சென்று முக்கியும் சிறுநீர் வராமல் திரும்பினால், அதன் சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கலாம். ஆண் பூனைகளிடம் இது அதிகம் காணப்படுகிறது. ஓரிரு நாளிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய நிலை அது. உடனே விலங்கு மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அப்போது துணியில் கழித்துவிட்டதென்று அடித்தவர்கள், பிறகு வருந்தியும் பயனில்லை.

இரண்டாவது, மனிதரின் உடல்நலம். சில பூனைகளின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்கலாம். அது வெளியேறியவுடன் நோயைப் பரப்புவதில்லை; அந்த நிலையை எட்ட ஒன்று முதல் ஐந்து நாள் வரை ஆகும். ஆகவே, கழிவை நாள்தோறும் அகற்றுவது மிகச் சிறந்த பாதுகாப்பாகும். கருவிலுள்ள குழந்தையை இந்த ஒட்டுண்ணி பாதிக்கலாம் என்பதால், கருவுற்ற பெண்கள் இந்த வேலையை மற்றவரிடம் விட்டுவிடுவது நல்லது. கழிவை ஓட்டைக் கரண்டியால் அள்ளி, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போட வேண்டும். மணலைக் கழிப்பறைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் சவர்க்காரத்தால் கைகளைக் கழுவ வேண்டும். தட்டையும் அவ்வப்போது காலி செய்து, மென்மையான சவர்க்கார நீரில் கழுவி, காயவைத்துப் புதிய மணலை நிரப்ப வேண்டும்.

பள்ளிப் பாடம், துணைப்பாட வகுப்பு, இணைப்பாட நடவடிக்கை என்று ஓடும் மாணவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சிலர் கேட்கலாம். மாணவர்களின் நேரநெருக்கடி உண்மையே. ஆயினும், காலையும் மாலையும் தட்டைச் சுத்தம் செய்ய ஐந்து ஐந்து நிமிடங்கள் போதும். கைப்பேசியைப் பார்க்கும் நேரத்தில் அது மிகச் சிறிய பகுதிதான். அம்மாவோ பணிப்பெண்ணோ பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதும் முறையன்று. கேட்டவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவர் என்றானால், சுமப்பவருக்குப் பூனை மீது எரிச்சலே மிஞ்சும். அந்த எரிச்சல்தான் ஒருநாள், ‘கொண்டுபோய் விட்டுவிடலாம்’ என்ற முடிவாக மாறுகிறது. செல்லப்பிராணியைக் கைவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். அபராதமோ சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டம் ஒருபுறம் இருக்க, வீட்டில் வளர்ந்த குட்டிக்குப் புளோக்கின் கீழ்த்தளத்தில் உயிர்வாழத் தெரியாது.

வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்து ஆண்டுகள்கூட வாழும். இன்று உயர்நிலை இரண்டில் படிப்பவர் படிப்பை முடித்து வேலைக்குச் சென்ற பிறகும் அதற்குத் தட்டு சுத்தமாக இருக்க வேண்டும். பந்தை உருட்டி விளையாடுவது எளிது. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவதும் எளிது. யாரும் பாராட்டாத வேலையை நாள்தோறும் செய்வதே உண்மையான அன்பு. அந்த வேலைக்குத் தயாராக இல்லாதவர்கள், பூனைக்குட்டியைக் கேட்பதற்கு முன் இன்னும் சில காலம் பொறுத்திருப்பது நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த நான்கறை வீட்டிலும் தீர்வு எளிதாகவே கிடைத்தது. மகள் தட்டைச் சலவை இயந்திரத்தின் அருகிலிருந்து எடுத்து, வரவேற்பறையில் தன் படிப்பு மேசைக்குப் பக்கத்தில் வைத்தாள். துணிகளைத் துவைத்தாள், கட்டிலில் குவித்து வைக்காமல் உடனே மடித்தாள். குட்டி தயங்கித் தயங்கி வந்து, மோப்பம் பிடித்து, மணலைத் தோண்டியது. தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, “அட, மூடக்கூடச் செய்யுதே!” என்றார்.

குட்டி முன்பு செய்ததையேதான் இப்போதும் செய்தது. மாறியது தட்டின் இடம் மட்டுமே.