வரலாறு படித்தால் என்ன வேலை?

எஸ்.டி.பி.எம். முடித்து வரலாற்றுத் துறைக்கு விண்ணப்பித்தபோது, ஈப்போவில் உறவினர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி இது. அதிலும் எனக்குப் பிடித்தது ஐரோப்பிய வரலாறு. “நம்ம கதையே நமக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் கதை எதற்கு?” என்றார் மாமா. அன்று என்னிடம் பதில் இல்லை.

பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் பதில் கிடைத்தது. 1930இல் யாழ்ப்பாணத்து நவாலியில் பிறந்தவர் அவர். டச்சு மொழி ஆவணங்களை ஆராய்ந்து, இலங்கையில் டச்சுக்காரர்களின் ஆதிக்கத்தைப் பற்றி எழுதிய நூல் 1958இல் வெளிவந்தது. 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றிய அவரது நூல் 1970இல் வந்தது. பிறகு ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

தமிழருக்கு டச்சு எதற்கு? 17ஆம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கரையின் வணிகர்களையும் நெசவாளர்களையும் பற்றிய செய்திகள் டச்சுக் கம்பெனியின் ஏடுகளில் நிறைய இருக்கின்றன. நம் பேராக் ஈயத்துக்காக 1670இல் பங்கோரில் கோட்டை கட்டியதும் அதே கம்பெனிதான். வெள்ளைக்காரன் கதைக்குள் நம் கதையும் இருக்கிறது. அதைப் படிக்க மொழி வேண்டும், பொறுமை வேண்டும்.

என் பாட்டி சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இன்று அங்கே செம்பனை நிற்கிறது, லயங்கள் இல்லை. பாட்டியின் தகரப்பெட்டியில் பழைய சம்பளச் சீட்டுகளும் கோயில் திருவிழாக் கணக்கும் இருந்தன. வீடு மாறியபோது அவற்றில் பாதியைக் குப்பை என்று எறிந்தது நான்தான். அப்போது எனக்குப் பதினைந்து வயது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன கூலி வாங்கினார் என்று இன்று அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆவது எளிதல்ல. முனைவர் பட்டம் வரை படிக்க வேண்டும்; இடங்களும் குறைவு. ஆனால் பள்ளி, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், பத்திரிகை என்று வேறு வழிகளும் உண்டு.

தோட்டத்துக் கணக்கு ஆங்கிலத்தில், கோயில் கணக்கு தமிழில், அரசாங்கக் கடிதம் மலாயில். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த நமக்கு இந்த மூன்று மொழிகளும் தெரியும். அந்தத் தாள்களைப் படிக்க நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

உங்கள் வீட்டிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கலாம். எறிவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.