பன்றியின அபிவிருத்தியும் இறைச்சியின் தரமும்

உயிருள்ள பன்றியின் எடையைத் தராசு காட்டிவிடும். அதன் இறைச்சி எத்தகையதாக இருக்கும் என்பதை அறியத் தராசு உதவாது. ஆயினும் இந்தியாவில் பன்றியின அபிவிருத்தி பெரும்பாலும் வளரும் வேகம், உடல் எடை, ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றையே அளவுகோல்களாகக் கொண்டு நடைபெற்று வருகிறது. இறைச்சியின் தரத்தை நிர்ணயிக்கும் ஜீன்களும், அதாவது பாரம்பரியக் கூறுகளும், இவற்றோடு சேர்த்துக் கருதப்படுதல் அவசியமாகும்.

இதனைப் புறக்கணித்ததன் விளைவை ஐரோப்பிய நாடுகள் அனுபவித்து அறிந்துள்ளன. கொழுப்புக் குறைந்து தசை மிகுந்த பன்றிகளையே அந்நாடுகள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்தன. 1950-களிலிருந்து வெளிறிய, தளர்ந்த, நீர் கசியும் இறைச்சி அங்கே கவலைக்குரிய பிரச்சினையாயிற்று. பெல்ஜிய நாட்டுப் பீட்ரேன் இனத்தில் இக்குறை மிக அதிகமாகக் காணப்பட்டது. வண்டியில் ஏற்றிச் செல்லும்போதே அதிர்ச்சியுற்று மாண்ட பன்றிகளும் உண்டு.

இவ்விரு கேடுகளுக்கும் அடிப்படையான ஜீன் மாற்றம் 1991-ல் கண்டறியப்பட்டது. தசையணுவினுள் சேமித்து வைக்கப்பட்ட கால்சியத்தை வேண்டும்போது வெளிவிடும் வாயிலாக ஒரு புரோட்டீன் அமைந்துள்ளது. அதற்குரிய ஜீனில் ஒரே ஓர் அலகு மாறியமையால், அப்புரோட்டீனின் 615-ஆம் இடத்தில் ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாகச் சிஸ்டீன் அமைந்துவிடுகிறது. பன்றி அதிர்ச்சியுறும்போது இவ்வாயில் கட்டுக்கடங்காது திறந்து, கால்சியம் வெளிப்பட்டு, தசையிலுள்ள கிளைக்கோஜன் விரைந்து லாக்டிக் அமிலமாக மாறுகிறது. வெட்டிய உடலின் சூடு தணியுமுன்பே அமிலம் மிகுவதால், தசைப் புரோட்டீன்கள் நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றலை இழக்கின்றன. இதே ஜீன் மாற்றம் தசையை ஓரளவு பெருக்கவும் செய்கிறது. ஆகவே தசை மிகுந்த பன்றியைத் தேடியவர்கள் தம்மையறியாமலே குறையுள்ள ஜீனையும் பரப்பினர்.

ஹாம்ப்ஷையர் இனத்தில் காணப்படும் மற்றொரு ஜீன் மாற்றம் 2000-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இதனையுடைய பன்றியின் தசையில் கிளைக்கோஜன் சுமார் 70 சதவீதம் அதிகமாகச் சேர்கிறது. வெட்டிய பின் இறைச்சி அளவுக்கு மீறி அமிலத்தன்மை அடைந்து, சமைக்கும்போதும் பதப்படுத்தும்போதும் எடையை இழக்கிறது. முன்னர்க் கூறிய குறை முழுமையாக வெளிப்படுவதற்குத் தாய், தந்தை இரண்டிடமிருந்தும் மாறிய ஜீன் வர வேண்டும். இதற்கோ ஒன்றிடமிருந்து வந்தாலே போதும்.

இது இந்தியாவுக்குத் தொடர்பற்ற செய்தியன்று. குவாஹாட்டிக்கு அருகே ராணி என்னுமிடத்திலுள்ள தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம், ஹாம்ப்ஷையரையும் வங்காளத்துக் குங்குரு இனத்தையும் கலந்து ‘ராணி’ என்னும் கலப்பினத்தை உருவாக்கியது. அதனோடு டியூராக் இனத்தைச் சேர்த்து ‘ஆஷா’ உருவாயிற்று. இத்தகைய கலப்பினங்களின் பயன் மறுக்கத்தக்கதன்று. எனினும் கலப்புக்காக வரவழைக்கப்படும் அல்லது விவசாயிகளுக்கு வழங்கப்படும் ஒவ்வோர் ஆண் பன்றியையும் இவ்விரு ஜீன்களுக்காகச் சோதித்து, முடிவைப் பதிவு செய்தல் வேண்டும். மயிரின் வேர் சிறிதளவு கிடைத்தாலே சோதனைக்குப் போதும். ஒரு பன்றிக்கு வாழ்நாளில் ஒரு முறை செய்தாலும் போதுமானது.

இறைச்சியின் தரம் ஜீன்களை மட்டும் பொறுத்ததன்று. தீனியும், பயண அயர்ச்சியும், வெட்டுமுன் அளிக்கும் ஓய்வும் அதனைப் பாதிக்கின்றன என்று கூறப்படலாம். அது உண்மையே. ஆனால் எத்துணை நல்ல பராமரிப்பும் குறையுள்ள ஜீன் குட்டிகளுக்குச் செல்வதைத் தடுக்க இயலாது. மேலும், தசையினுள் ஊடுருவி மென்மையும் சுவையும் தரும் கொழுப்பின் அளவில் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி, பாரம்பரியத்தால் அமைவது. இது பல ஜீன்களின் கூட்டுப் பயனாதலால், ஓரிரு சோதனைகளால் இதனை அறிய முடியாது. இறைச்சியையே அளந்து பார்த்தல் வேண்டும். குங்குரு, மேகாலயத்தின் நியாங் மேகா, நாகாலாந்தின் டென்யி வோ, நிக்கோபாரி முதலிய உள்நாட்டு இனங்களில் வெட்டிய 45 நிமிடத்திலும் 24 மணி நேரத்திலும் உள்ள அமிலநிலை, நிறம், நீர்க்கசிவு, தசைக்கொழுப்பு ஆகியவற்றை ஒரே முறையில் அளந்து பதிவு செய்வது இரண்டாவது கடமையாகும்.

இவற்றைத் தள்ளிப்போடுவதற்கில்லை. 2012-ல் 102.9 லட்சமாக இருந்த இந்தியப் பன்றிகளின் தொகை 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 90.6 லட்சமாகக் குறைந்தது; அவற்றுள் 71.6 லட்சம் உள்நாட்டுப் பன்றிகள். அடுத்த ஆண்டிலேயே அஸ்ஸாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதன்முதலாகத் தோன்றிப் பெருஞ்சேதம் விளைத்தது. இழந்த மந்தைகளை மீண்டும் உருவாக்கும்போது சில ஆண் பன்றிகளே பல குட்டிகளுக்குத் தந்தையாகின்றன. அவற்றிலொன்றில் குறையிருப்பின், அது சில ஆண்டுகளில் பல கிராமங்களை எட்டிவிடும். இரண்டொரு பன்றிகளை வளர்த்து விற்றுக் குடும்பச் செலவைச் சமாளிப்பவர்களே அதன் நஷ்டத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.

பெல்ஜியத்தில் லீஜ் பல்கலைக்கழகத்தார், பெரிய வெள்ளை இனத்திலிருந்து நல்ல ஜீனைப் பெற்று, பீட்ரேனுடன் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப இணைத்தே குறையற்ற பீட்ரேன் கிளையொன்றை உருவாக்கினர். பரவிய குறையைக் களைவதற்கு இவ்வளவு உழைப்பு வேண்டியிருந்தது. பரவுமுன் தடுப்பதற்குச் சோதனையும் பதிவேடுமே போதும். இன அபிவிருத்தித் திட்டங்களை வகுப்போர் இவ்விரண்டையும் விருப்பத்திற்கு விடாமல், விதியாகவே ஆக்குதல் வேண்டும்.