கணக்கு மாத்திரையும் கிரக தோஷமும்

நமது நாட்டில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஓரிடத்தில் நிலைத்து உட்காராமல் துள்ளிக் கொண்டிருந்தாலும், எடுத்த காரியத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினாலும், பெற்றோர்கள் முதலாவதாகப் போகும் இடம் ஜோசியன் வீடாகவும், இரண்டாவதாகப் போகும் இடம் மந்திரிப்பவன் வீடாகவும், மூன்றாவதாகக் கையில் எடுப்பது பிரம்பாகவும் இருந்து வருகிறது. நான்காவதாகவாவது வைத்தியர் வீட்டுக்குப் போவார்களானால் அந்தப் பிள்ளை பிழைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். வாழப்பாடிப் பக்கத்தில் பாக்குத் தோப்பிலும் மரவள்ளிக் காட்டிலும் பாடுபடுகிற நமது மக்களும் இதற்கு விலக்கல்ல.

இந்தச் சுபாவத்திற்கு வைத்தியர்கள் இன்று ஏ.டி.எச்.டி. என்று பேர் வைத்திருக்கிறார்கள். கவனக் குறைவும் மிதமிஞ்சிய துடிப்பும் சேர்ந்த கோளாறு என்பது அதன் பொருள். இது கிரகத்தால் வந்ததல்ல, வளர்ப்புக் கெட்டதால் வந்ததுமல்ல. மூளை வேலை செய்யும் விதத்தில் உள்ள வித்தியாசம். 1902ம் வருஷத்திலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர், புத்தியில் குறைவில்லாமலும் நிலைத்த கவனம் இல்லாமலும் இருந்த பிள்ளைகளைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்திருக்கிறார்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணக்குப் புத்தகத்தின் முன் ஐந்து நிமிஷம் உட்காராத அதே பையன், கெட்டுப்போன மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உச்சி வேளையிலிருந்து விளக்கு வைக்கும் வரையில் அசையாமல் உட்கார்ந்து விடுகிறான். சோற்றுக்குக் கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை. இதை ஹைப்பர் ஃபோகஸ், அதாவது ஒன்றிலேயே மூழ்கிப் போதல் என்கிறார்கள். நமது பெரியவர்களோ, “அதற்கு மட்டும் உட்காரத் தெரிகிறது, படிப்புக்குத் தெரியவில்லையா? எல்லாம் திமிர்!” என்று முதுகில் வைக்கிறார்கள். புற்று வளர்ந்து உடம்பை மூடியதும் தெரியாமல் உட்கார்ந்திருந்தவனை மகரிஷி என்று கும்பிடுகிறவர்கள், சோறு மறந்து மோட்டாரோடு உட்கார்ந்த பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்பது எந்த நியாயமோ, நமக்கு விளங்கவில்லை.

உண்மை என்னவென்றால், இப்பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. மாட்டுக்குப் பலமிருக்கிறது, மூக்கணாங்கயிறுதான் கையில் இல்லை. புதுமையும் ருசியும் உள்ள பக்கம் மனம் தானே பாய்கிறது. திருப்பு என்றால் திரும்புவதில்லை.

இதற்கு மருந்து உண்டா என்றால் உண்டு. 1937ம் வருஷம் அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாகாணத்தில் சார்லஸ் பிராட்லி என்ற வைத்தியர், தமது ஆஸ்பத்திரியிலிருந்த 30 பிள்ளைகளுக்குப் பென்சிடிரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் 14 பேர் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினார்கள். நிறுத்தியதும் பழையபடி ஆனார்கள். அம்மருந்துக்கு அப்பிள்ளைகளே வைத்த பேர் “கணக்கு மாத்திரை.” பிறகு 1944ம் வருஷம், நமது சேலத்தில் நீதிக் கட்சி மாநாடு கூடித் திராவிடர் கழகம் என்று பேர் மாற்றிக்கொண்ட அதே வருஷத்தில், சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியில் வேலை பார்த்த பானிசோன் என்ற ரசாயனி, மெதில்பெனிடேட் என்ற மருந்தைத் தயாரித்தார். மனைவி ரீட்டாவின் பேரால் அதற்கு ரிட்டலின் என்று பேர் வந்தது. இன்றைக்கு நம் நாட்டிலும் முதன்மையாகக் கொடுக்கப்படுவது அம்மருந்துதான். மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்னும் இரண்டு பொருள்கள் சுரந்தவுடன் திரும்ப உறிஞ்சப்பட்டு விடாமல் அது தடுக்கிறது. அதனால் ருசியில்லாத வேலையிலும் மனம் சற்று ஊன்றி நிற்கிறது. மந்திரம் இதில் ஒன்றுமில்லை.

நிற்க, பெற்றோர்களுக்கும், மருந்து உண்ணும் பெரியவர்களுக்குங்கூட, ஒரு பயம் உண்டு. “மாத்திரை போட்டால் அவனிடமிருந்த அந்த ஒரு வித்தையும் போய்விடாதா? மூழ்கிச் செய்யும் வேலையும் கெட்டு மந்தமாகிவிட மாட்டானா?” என்று கேட்கிறார்கள். இது மூடக் கேள்வியல்ல, நியாயமான கேள்வி. நோய்க் குறிகளுக்காக வைத்தியர்கள் வைத்திருக்கும் பட்டியலில் இந்த மூழ்குதல் என்பதே கிடையாது. உபாத்தியாயருக்குத் தொந்தரவானது எல்லாம் பட்டியலில் ஏறியிருக்க, பிள்ளைக்குப் பிரியமானது ஏறவில்லை!

மருந்து உண்டவர்கள் சொல்லுவது ஒரே மாதிரியாக இல்லை. மூழ்குதல் அப்படியே இருக்கிறது, ஆனால் வேண்டும்போது எழுந்து வர முடிகிறது என்கிறார்கள் ஒரு சாரார். முன்போல் ஆழமாக இறங்க முடியவில்லை, வேலை நடக்கிறது, ஆனால் அந்த வெறி இல்லை என்கிறார்கள் மற்றொரு சாரார். மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் கையில் எது இருந்ததோ அதிலேயே ஒட்டிக்கொண்டு விடுகிறோம், அது பாடப் புத்தகமானால் லாபம், செல்போனானால் நஷ்டம் என்கிறார்கள் வேறு சிலர். மூன்றும் நமது மூக்கணாங்கயிற்றுக்குப் பொருந்துவதே. மருந்து பலத்தைக் கொடுப்பதுமல்ல, பறிப்பதுமல்ல. கயிற்றைக் கையில் கொடுப்பது. கயிற்றை அளவுக்கு மேல் இழுத்துக் கட்டினால் எந்த மாட்டுக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும். அளவு மிஞ்சினால் பிள்ளை சிரிப்பில்லாமல் பதுமை போலாகிறான். பசி மந்திப்பதும் தூக்கம் தள்ளிப் போவதும் உண்டு. அப்போது அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியது வைத்தியர் கடமை. அதை அவரிடம் சொல்ல வேண்டியது நமது கடமை. தாமாகக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது.

அன்றியும், பகுத்தறிவு என்பது மந்திரவாதியைக் கேள்வி கேட்டுவிட்டு மாத்திரைக்கு முன்னால் கைகட்டி நிற்பதல்ல. நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை மார்க்குக்காக அனுப்புகிற பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023ம் வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கோளாறு ஒன்றுமில்லாத 40 பேருக்கு இம்மாதிரி மருந்துகளைக் கொடுத்துக் கடினமான கணக்குகளைப் போடச் சொன்னார்கள். அவர்கள் அதிகப் பாடுபட்டார்கள், ஆனால் பாட்டின் தரம் குறைந்தது. ஆகவே இது பரீக்ஷை மாத்திரையல்ல. போதை மருந்துச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டு, வைத்தியர் சீட்டின் பேரில் மட்டும் கிடைப்பது.

அப்படியானால், மருந்து நன்மை செய்கிறதா என்று யாரைக் கேட்பது? வகுப்பு அமைதியாகிவிட்டது என்று உபாத்தியாயர் சொன்னால் போதுமா? வீட்டில் சத்தமில்லை என்று தகப்பனார் சொன்னால் போதுமா? சங்கிலி போட்டாலும் சத்தம் அடங்கத்தான் செய்யும். 2001ம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி ஏர்வாடியில், தெய்வ சக்தியால் குணமாகும் என்று நம்பிக் கொண்டுபோய் விடப்பட்டு, விடுதியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர், தீப்பிடித்தபோது ஓட வழியின்றி மாண்டார்கள். நோயாளியின் வாயை ஒரு பொருட்டாக மதிக்காத சமூகத்தின் கடைசிப் படி அதுதான். மாத்திரையையும் சங்கிலியாக்க நாம் சம்மதிக்க முடியாது. உண்ணுகிற பிள்ளையைக் கேட்க வேண்டும். “உனக்குப் பிடித்த வேலையில் இன்னும் இறங்க முடிகிறதா? வேண்டும்போது வெளியே வர முடிகிறதா? நீ நீயாக இருக்கிறாயா?” என்று கேட்க வேண்டும். வயதில் சிறியவனுக்குத் தன்மானம் இல்லை என்று எந்தச் சாஸ்திரம் சொன்னாலும் நாம் ஒப்புவதில்லை.

2013ம் வருஷத்தில் மத்திய சர்க்கார், வாயில் நுழையாத ஓர் இந்திப் பேரில், பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் திட்டமொன்றை ஏற்படுத்திற்று. அதில் பார்க்க வேண்டியவைகளாகக் குறித்திருக்கும் 30 குறைபாடுகளில் இந்தக் கோளாறும் ஒன்று. பேர் எப்படியிருந்தாலும் பணம் நம்முடைய வரிப்பணம். பரிசோதனைக்கு வருகிறவர்கள் பல்லையும் கண்ணையும் பார்த்துவிட்டுப் போகாமல் இதையும் பார்க்கும்படி கேட்பது பெற்றோர்களின் உரிமை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியப் பகுதி இருக்கிறது. வாழப்பாடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பிரயாணந்தான்.

பரிகாரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை அந்தப் பஸ்ஸுக்குக் கொடுங்கள். போகும்போது பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, வைத்தியரிடம் அவனையே பேச விடுங்கள் என்று தோழர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.