விடைத்தாள் போன பிறகு விசாரணை எதற்கு?

ஏப்ரல் மாத வெயில். விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் மணி ஒன்றரை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேள்வித்தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கும்பல் கும்பலாக நிற்கிறார்கள். சூரங்குடி பஸ் வந்து போகிறது. வேம்பார் பஸ் வந்து நிற்கிறது. ஒருவரும் ஏறக் காணோம். அங்கே உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது!

"ஏலே, பன்னாட்டுச் சங்கம் எந்த வருசம்லே போட்ட?"

"1920."

"போலே... 1919-ல்லா? வெர்சேல்ஸ் உடன்படிக்கையிலதான வருது!"

"எங்க சாரு இருபதுன்னுதான் சொன்னாரு..."

நாமும் ஒரு காலத்தில் இப்படி நின்று மல்லுக்கட்டியவர்கள்தானே? (நமக்கு அது 'சர்வதேச சங்கம்'. பெயர்தான் மாறியிருக்கிறது. சண்டை மாறவில்லை.)

"பரீட்சை முடிஞ்சா அதோட விட்ரணும், விடையைப் பத்திப் பேசவே கூடாது" என்று எல்லாரும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறோம். மறுநாளோ அதற்கு மறுநாளோ இன்னொரு பரீட்சை இருந்தால் இது சரிதான். போன கணக்கை நினைத்து அழுதுகொண்டிருந்தால் வரப்போகும் அறிவியலும் போய்விடும். ஆனால் சமூக அறிவியல் விஷயம் வேறு. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் பத்தாம் வகுப்பில் கடைசிப் பரீட்சையே அதுதான். அதன் பிறகு படிக்க ஒன்றுமில்லை. அப்போதாவது பிள்ளைகள் வாய் விட்டுப் பேசட்டுமே! என்னைக் கேட்டால், அந்தப் பஸ் ஸ்டாண்ட் சண்டை நல்லது என்றுதான் சொல்வேன்.

ஏன் என்கிறீர்களா? அந்த இரண்டு பையன்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பன்னாட்டுச் சங்கத்தின் விதிகள் வெர்சேல்ஸ் உடன்படிக்கைக்குள்ளேயே இருந்தன. அதில் கையெழுத்தானது 1919 ஜூன் 28. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து சங்கம் பிறந்தது 1920 ஜனவரி 10. வீட்டில் பத்து நாள் உருப்போட்டும் பிடிபடாத இந்த வித்தியாசம், பத்து நிமிஷச் சண்டையில் பிடிபட்டுவிடும். 'இதுதான் சரி' என்று அடித்துச் சொன்ன பதில் தப்பு என்று தெரியவந்து, உடனே திருத்திக்கொண்டால், அது சாதாரணமாகப் படித்ததைவிட ஆழமாகப் பதிகிறது என்று உளவியல் ஆராய்ச்சியாளர்களும் சோதித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அது மட்டுமா? மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய இறுக்கம், சேர்ந்து கத்தும்போதும் சிரிக்கும்போதும்தான் தளர்கிறது.

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் 'ஏ.பி.' உலக வரலாற்றுத் தேர்வில், நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளைப் பற்றி வெளியே வந்து வாய் திறக்கவே கூடாது என்று விதி. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கேள்வித்தாளையே கையோடு வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள்.

வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது!

எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் அண்ணன் மகள் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் சிநேகிதிகளோடு சிரித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். வீட்டில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. அண்ணன் சிவப்புப் பேனாவோடு தயாராக இருந்தார். "வா, உட்காரு. ஒண்ணாவது கேள்விக்கு என்ன போட்ட?" மதினி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, போனில் அடுத்த தெருப் பிள்ளை எப்படி எழுதியிருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். "அவளுக்கு ஒரு மார்க் கேள்வி பதினாலும் சரியாம்!" இவள் பன்னாட்டுச் சங்கத்துக்கு 1919 என்று எழுதியிருந்தாள். அண்ணன் சுழித்து ஒரு வட்டம் போட்டார். அவ்வளவுதான்... பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனவள், ராத்திரி ரெண்டு மணி வரை தூங்கவில்லை. "அத்தை, மூணு மார்க் போச்சுன்னா அப்பா கணக்குப் போட்டுட்டாங்க" என்று என்னிடம் வந்து தேம்பினாள்.

பேசியது அதே விடைதான். பஸ் ஸ்டாண்டில் சிரிப்பு, வீட்டில் அழுகை! அங்கே பேசியவர்கள் அவளோடு கூட எழுதியவர்கள். இங்கே கேட்டவர் நீதிபதி.

உடம்பையும் கொஞ்சம் யோசியுங்கள். பரீட்சை நடப்பது பத்து மணியிலிருந்து ஒன்றேகால் வரை. பதற்றத்தில் பாதிப் பிள்ளைகள் காலையில் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. மூன்று ராத்திரியாகத் தூக்கமும் அரைகுறை. உடம்பில் அட்ரினலின், கார்டிசால் என்று பதற்ற ஹார்மோன்கள் ஏறிக் கிடக்கும். அந்தப் பதற்றம் படித்ததை ஞாபகப்படுத்தி எடுப்பதையே தடுமாற வைக்கும். ஹாலில் வராத பதில் வாசலுக்கு வந்ததும் 'பளிச்'சென்று வருகிறதே, அது இதனால்தான். அந்த நிலையில் வந்த பிள்ளையிடம் "என்ன எழுதினே?" என்று கேட்டால் பாதி மறந்திருக்கும். எழுதிய சரியான விடையையே தப்பாகச் சொல்லும். நீங்கள் போடும் கணக்கும் தப்பாகத்தான் இருக்கும். பெரிய கேள்விகளுக்குப் பாயிண்ட் பாயிண்ட்டாகப் பார்த்து மார்க் போடுகிறார்கள். அதைச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து யாரால் கணக்குப் போட முடியும்?

அதனால், வந்ததும் ஒரு சொம்பு மோரோ, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறோ கொடுங்கள். சோறு போடுங்கள். தூங்கினால் எழுப்பாதீர்கள். பரீட்சையைப் பற்றித் தானாகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். இடையில் பேனாவைத் தேடாதீர்கள்! பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை உங்கள் வீட்டு வாசலுக்குள் விடாதீர்கள். யாரோ போட்ட விடைக்குறிப்பு வாட்ஸ்அப்பில் வந்தால் பிள்ளைக்கு அனுப்பாதீர்கள். அதிலும் தப்பு இருக்கும்.

எனக்கு உண்மையில் பயம், கத்திச் சண்டை போடும் பிள்ளைகளைப் பற்றி இல்லை. கூட்டத்தில் சேராமல் முதல் பஸ்ஸிலேயே ஏறிப் போகிற பிள்ளையைப் பற்றித்தான். கடைசிப் பரீட்சைக்கும் ரிசல்ட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கிறது. 2025-ல் ஏப்ரல் 15-ல் பரீட்சை முடிந்து, மே 16-ல் ரிசல்ட் வந்தது. அந்த ஒரு மாதமும் சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, யாரோடும் பேசாமல் ஒதுங்கிக் கிடந்தால் 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடாதீர்கள். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் திட்டாமல், சிரித்து மழுப்பாமல், பக்கத்தில் உட்கார்ந்து "அப்படித் தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் புதிதாக எண்ணம் வந்துவிடாது. பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். தமிழ்நாடு அரசின் 104-க்கோ, மனநல உதவிக்கான 14416-க்கோ போன் செய்தால் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள். பெற்றவர்களும் பேசலாம். தவறிப்போனாலும் ஒரு வருஷம் வீணாகாது, துணைத் தேர்வு இருக்கிறது என்பதை ரிசல்ட்டுக்கு முன்பே பிள்ளையின் காதில் போட்டு வையுங்கள். அன்றைக்குச் சொன்னால் ஆறுதல் மாதிரி இருக்கும். இன்றைக்குச் சொன்னால்தான் தகவலாகப் போய்ச் சேரும்.

அண்ணன் மகளுக்கு அந்த வருஷம் சமூக அறிவியலில் 91 வந்தது. 1919-க்கு மார்க் போட்டார்களா, இல்லையா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சிவப்பு வட்டம் போட்ட கேள்வித்தாளை அண்ணன் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால் பதில் சொல்வதில்லை.