பை வைத்த சாரத்துக்குப் பட்டி எதற்கு?

சென்ற மாதம் ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மகனை அழைத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன். நண்பன் ஒருவனின் திருமணத்துக்கு முதல்நாள் விருந்தில் இளைஞர்கள் எல்லோரும் சாரம் கட்டுவதென்று முடிவாம். சாரம் என்றால் நாம் அறிந்த மூட்டிய துணி அன்று. இடுப்பில் பட்டை வைத்துத் தைத்து, கொளுவி பொருத்தி, இரு பக்கமும் பை வைத்த புதுவகைச் சாரம். குறுக்குத் தெருக்களில் நான்கைந்து கடைகள் ஏறி இறங்கிய பின்னர் அவனுக்குப் பிடித்த கருநீலத்தில் ஒன்று அகப்பட்டது.

அதைக் கட்டிப் பார்த்தவன், தோளில் தொங்கிய பையைத் திறந்து ஒரு தோற்பட்டியை வெளியே எடுத்தான். அவனுடைய அப்பப்பாவின் பட்டி. நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்தவர் அவர். நான்கு விரற்கடைக்கும் கூடிய அகலம்; முன்புறம் இரண்டு பைகள்; அமுக்குப் பொத்தான்களில் ஒன்றைக் காணவில்லை. "மாமா, பொக்கற் இருக்கேக்கை இதையும் கட்டலாமோ? ஆக்கள் சிரிப்பினமோ?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் கடைச் சிப்பந்தி பதில் சொல்லிவிட்டார்: "அதான் பொக்கட் இருக்கே தம்பி, பெல்ட் எதுக்கு? நாட்டாமி மாதிரி இருக்கும்."

அந்தப் பதில் எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் ஏன் உவப்பாக இல்லை என்பதை அந்த இடத்தில் எடுத்துச் சொல்லவும் எனக்கு இயலவில்லை. வீடு திரும்பும் வழியில் மருமகன் இன்னொரு செய்தி சொன்னான். அவன் வேலைசெய்யும் இடத்தில் ஸ்கொட்லாந்து வம்சாவளியினர் இருவருக்கிடையே இதே விவாதம் நடக்கிறதாம். கில்ட்டுக்குப் பை கிடையாது. ஆகவே அவர்கள் இடுப்பிலிருந்து முன்புறமாக ஒரு தோற்பையைத் தொங்கவிடுவார்கள். ஸ்போரன் என்பது அதன் பெயர். கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பணப்பை என்பதே பொருள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் யூட்டிலிகில்ட்ஸ் என்றொரு நிறுவனம் பெரிய பைகள் வைத்த கில்ட்டுகளைத் தைத்து விற்கத் தொடங்கியது. அத்தகைய கில்ட்டுக்கு மேல் ஸ்போரனும் தேவையா என்பதுதான் அவர்களது வழக்கு. 1746ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டு 1782இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட உடை அது. அதில் ஒரு பையைக் கூட்டினாலும் குறைத்தாலும் சிலருக்குச் சுருக்கென்று படுவதில் வியப்பில்லை.

அவர்களுடைய வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கில்ட் தடித்த கம்பளித் துணி. வாரும் வளையமும் வைத்து இறுக்கப்படுவது. பையில் கனம் ஏறினாலும் இடுப்பில் நிற்கும். நமது சாரமோ ஒரு மடிப்பையும் ஒரு செருகலையும் நம்பி நிற்பது. பக்கவாட்டில் பை தைத்து அதில் கைத்தொலைபேசியையும் திறப்புக் கோர்வையையும் போட்டால், பத்தடி நடப்பதற்குள் ஒரு பக்கம் சரிந்துவிடும். அதனால்தான் பை வைக்க விரும்பிய தையற்காரர் முதலில் இடுப்புப் பட்டையையும் கொளுவியையும் வைக்கவேண்டியிருந்தது. அவர் தைத்துத் தருவது சாரத்தின் வடிவில் உள்ள காற்சட்டை என்று நான் சொன்னால் மருமகன் கோபிப்பான். சொல்லிவிட்டேன், கோபித்தான்.

பை இல்லாத உடையில் நம் முன்னோர் எதையும் கொண்டுபோகாமலா இருந்தார்கள்? யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பனையோலையில் இழைத்த கொட்டைப்பெட்டியில் காசையும் வெற்றிலை பாக்கையும் வைத்து மடியில் செருகிக்கொள்வார்கள். பெண்களுக்கு முந்தானை முடிச்சும் சுருக்குப்பையும் இருந்தன. காந்தியடிகள் கடிகாரத்தை இடுப்பில் தொங்கவிட்டிருந்ததைப் படங்களில் பார்த்திருக்கிறோம். புறக்கோட்டையில் அந்த வேலையைப் பட்டி செய்தது. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், சந்தை விலைகளை எழுதிவரச் சொல்லிக் காலையில் அனுப்புவார்கள். கட்டச் சாரமும் கை பெனியனும் அணிந்த முதலாளிமாரைக் கல்லாவடியில் பார்ப்பேன். (இந்தக் கட்டச் சாரத்துக்கு மலாய் மொழியில் பெலிக்காட் துணி என்று பெயர். நம் பழவேற்காட்டின் பெயர்தான் கடல் கடந்து அப்படி ஆயிற்று.) வயிற்றைச் சுற்றி அகலத் தோற்பட்டி. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வணிகர்கள் கட்டியது பச்சை நிறத்தில் இருக்கும். ஒரு பையில் நோட்டுகள், மற்றதில் துண்டுச் சீட்டுகள், திறப்பு, சிலவேளை ஒரு மாத்திரைக் குளிசை. கணக்குப் புத்தகத்துக்கு வராத கணக்கெல்லாம் அங்கேதான் இருந்தது என்பார்கள்.

அதே பட்டியை நாட்டாமிகளும் கட்டினார்கள். மூட்டை தூக்குகிறவனுக்கு இடுப்பை இறுக்கிப் பிடிக்க ஒன்று வேண்டும். லட்சங்களைக் கையாள்பவரும் கூலிக்குச் சுமப்பவரும் ஒரே பொருளைக் கட்டிய தெரு அது. ஆனால் படித்த உத்தியோகத்தர்களாகிய நாங்கள் அதைக் கட்டமாட்டோம். வெள்ளவத்தையில் மாலையில் வெள்ளைச் சாரத்தோடு கடற்கரைப் பக்கம் உலாவுகிற எழுதுவினைஞர் ஒருவரின் இடுப்பில் பட்டி இருந்து நான் கண்டதில்லை. பட்டி என்றால் கடை. கடை என்றால் ஒரு படி கீழே. சிப்பந்தியின் வாயிலிருந்து வந்த அந்த 'நாட்டாமி மாதிரி' என்ற சொல், உண்மையில் என் வர்க்கம் அவருக்குக் கற்றுக்கொடுத்த சொல். என்னை உறுத்தியது அதுதான் என்று பின்னர் விளங்கியது.

அந்த ஏளனத்துக்கு நான் ஒருமுறை விலை கொடுத்தேன். 1996 ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கி குண்டுவெடிப்புக்குப் பிந்திய வாரங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருவராக அறை எடுத்திருந்தோம். என் அறைத் தோழர் ஐந்தாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில் கணக்கெழுதுபவர், வயதில் மூத்தவர், பட்டி கட்டுபவர். அதற்காக நான் அவரைக் கேலி செய்வதுண்டு. ஒரு ஞாயிறு காலை பாண் வாங்க இருவரும் கீழே இறங்கினோம். சந்தியில் சுற்றிவளைப்பு. அடையாள அட்டை கேட்டார்கள். அவர் பட்டியின் பொத்தானைத் தட்டினார், அட்டை வந்தது. நான் சட்டைப்பையைத் தொட்டேன். முதல்நாள் போட்டிருந்த சட்டையில் அட்டை இருந்தது. அந்தச் சட்டை அறையில், ஆணியில். ஐம்பது யார் தூரம். போய் எடுத்துவர விடவில்லை. அன்றைய பகலும் இரவும் ஒரு பொலிஸ் நிலையத்தின் சீமெந்துத் தரையில் கழிந்தன. மறுநாள் காலை அந்தத் தோழர்தான் கடை முதலாளியையும் கூட்டிக்கொண்டு வந்து என்னை மீட்டார். வழியில் அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது நம் பழமொழி. கொழும்பில் எங்களுக்கு அது தலைகீழாகியிருந்தது. மடியில் அந்த அட்டை இல்லாவிட்டால்தான் வழியில் பயம். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் வழங்கப்பட்டு வந்த ஒரு சாதாரண அட்டை, தமிழனுக்கு உயிர்ச் சீட்டாக மாறியிருந்த காலம். அது இருந்தாலும் போதாத நாள்களும் வந்தன. 2007 யூன் 7ஆம் திகதி புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை விடுதிகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

பையா பட்டியா என்ற கேள்வியை நான் பார்ப்பது இந்த இடத்திலிருந்துதான். பை துணிக்குச் சொந்தம்; பட்டி ஆளுக்குச் சொந்தம். துணி மாறும், துவைக்கப் போகும், ஆணியில் தொங்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு பையிலிருந்து மறுபைக்குப் பொருள்களை மாற்ற மறக்காத மனிதன் இன்னும் பிறக்கவில்லை. பட்டியோ சாரம் மாறினாலும் அதே பட்டி. குளிக்கும்போது அவிழ்த்து, குளித்ததும் கட்டுவது. தைத்த சாரத்தில் பை இருப்பது நல்லதே. கைக்குட்டைக்கும் பஸ் ரிக்கற்றுக்கும் அது போதும். தொலைந்தால் அழவேண்டிய பொருள் எதுவும் அதற்குள் போகக்கூடாது.

மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு. கொழும்பின் வெக்கையில் தோற்பட்டிக்குள் வயிறு வேகும். இன்றைய கைத்தொலைபேசி பழைய பட்டிப் பைக்குள் நுழையாது. காசும் இப்போது பாதி தொலைபேசிக்குள்ளேதான் இருக்கிறது. வெறும் பட்டியைப் படம் எடுப்பதற்காகக் கட்டுவதென்றால் எனக்கும் சம்மதமில்லை. அப்பப்பாவின் பட்டியை வெறுமையாகக் கட்டி விருந்தில் நிற்பது அவருக்கு வேடமிடுவது போன்றது. கட்டினால் அதற்குள் ஏதாவது இருக்கவேண்டும்.

இதை மருமகனிடம் சொன்னேன். அவனுடைய காலத்தில் அடையாள அட்டை கேட்டு யாரும் அவனை வழியில் மறித்ததில்லை, இனியும் மறிக்கவேண்டாம். சற்று யோசித்துவிட்டு, கனடாக் கடவைச்சீட்டு அதற்குள் போகுமா என்று அளந்து பார்த்தான். போயிற்று, ஆனால் பொத்தான் இல்லாத பை மூடவில்லை. மறுநாள் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் இருந்த செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனோம். அவர் பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்த மாதிரித் தோல் இப்போது வருவதில்லை என்றார். ஒரு பொத்தானைப் போடச் சொன்னோம். மற்றதும் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி, கேளாமலே இரண்டையும் மாற்றித் தந்தார்.