பெட் ஸ்கேன் 'கிளீன்'னு வந்தாச்சு... அப்புறம் எதுக்கு கழுத்தில் ஆபரேஷன்?

நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ புற்றுநோய் என்று பயாப்ஸி சொல்லிவிட்டால், டாக்டர் அடுத்து தடவிப் பார்ப்பது கழுத்தைத்தான். இந்த நோய் பெரும்பாலும் முதலில் பரவுவது அங்குள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு. 'அதான் பெட் ஸ்கேன் இருக்கே, எல்லாத்தையும் காட்டிடுமே' என்று குடும்பம் நினைக்கும். சிக்கலே அங்கேதான்.

பெட் ஸ்கேன் புற்றுநோயை நேரடியாகப் பார்ப்பதில்லை. கதிரியக்க ஃபுளூரின்-18 சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றி, சுமார் ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடம் பளிச்சென்று தெரியும். ஆனா, உறிஞ்சுவது புற்றுநோய் மட்டும் இல்லையே! பல்லில் சீழ், காசநோய் என்றாலும் முடிச்சு ஒளிரும். காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில், ஒளிர்ந்ததெல்லாம் புற்று என்று பயந்துவிடக் கூடாது; ஊசியால் செல் எடுத்து உறுதி செய்யலாம். மறுபக்கம், ஓரிரு மில்லிமீட்டர் அளவே பரவியிருந்தால் ஸ்கேனில் சிக்காமலே போகலாம்.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத பரவல் எவ்வளவு முக்கியம் என்பதை மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015-ல் காட்டியது. ஆரம்பக்கட்ட வாய்ப் புற்றுநோய், கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படாதவர்கள். வாய் ஆபரேஷனோடு சேர்த்தே கழுத்து முடிச்சுகளையும் அகற்றியவர்களில் 80% பேர் 3 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். 'வந்தா பார்த்துக்கலாம்' என்று காத்திருந்த பிரிவில் 67.5% பேர்தான். அதனால், ஸ்கேன் கிளீன் என்ற ஒரே காரணத்துக்காக இந்த ஆபரேஷனைத் தவிர்க்கச் சொல்லி டாக்டரிடம் மல்லுக்கட்டுவது சரியல்ல என்பதே நம் கருத்து.

அப்போ பெட் ஸ்கேன் வேஸ்ட்டா? இல்லவே இல்லை. அதன் உண்மையான பலம் சிகிச்சைக்குப் பிறகுதான். பிரிட்டனில் 564 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. கழுத்து முடிச்சுகளில் நோய் நன்றாகப் பரவியிருந்தவர்கள் இவர்கள். கீமோவும் ரேடியேஷனும் முடிந்து 12 வாரம் கழித்து ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் கழுத்து ஆபரேஷன் செய்த பிரிவில் 54 ஆபரேஷன்கள். எல்லோருக்கும் திட்டமிட்ட பிரிவில் 221. உயிர் பிழைத்தவர்கள் விகிதம் குறையவில்லை. (பெரும்பாலோருக்குத் தொண்டைப் புற்றுநோய், வாய்ப் புற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது.)

அந்த 12 வாரக் காத்திருப்பு கஷ்டம்தான். ஆனா அவசரப்பட்டு முன்கூட்டியே எடுத்தால், ரேடியேஷனின் புண்ணே நோய் போல ஒளிர்ந்து, தேவையில்லாத ஆபரேஷன் வரை இழுத்துவிடலாம்.